ஐந்தாம் தேதிக்குப் பிறகு இலட்சுமி

"சின்ன பெக்கேஜ் போட்டா பத்தாம் தேதிக்கே டேட்டா முடிஞ்சிரும் அண்ணே. லைன வெட்ட மாட்டாங்க, வேகத்தக் கொறச்சுருவாங்க. வீடியோவெல்லாம் நத்த மாதிரி நகரும்."

"நகரட்டும் ஷிஹாப். வீட்டுல இருக்குறது ஒரு பொம்பள. அவளுக்கு எதுக்கு வேகம்?"

எஹலியகொட பஸ் நிலையத்துக்கு எதிரே கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஷிஹாபும் றப்பர் தோட்டத்துக் கங்காணி அழகமுத்துவும் 2016ஆம் ஆண்டு பொங்கலுக்கு அடுத்த வாரம் பேசிய பேச்சு இது. இருவரும் அதை இன்றும் ஒரு சொல் மாறாமல் சொல்கிறார்கள். அந்தப் பேச்சின் விளைவாக, பின்னர் வந்த ஒன்பது வருடங்களில் அழகமுத்துவின் மனைவி இலட்சுமிக்கு இரண்டரை வயது மட்டுமே கூடியது.

சின்ன பெக்கேஜுக்குக் காரணம் காசு அல்ல, தோஹாவில் லொறி ஓட்டும் இளங்குமரன். அவன் இலட்சுமியின் தாய்மாமன் மகன். இவளுக்கு இவன்தான் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள். விசா வந்த அவசரத்தில் அவன் பெண் கேட்காமலே விமானம் ஏறிவிட, இரண்டு வருடம் கழித்து அழகமுத்து கேட்டுக் கட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை தோறும் இளங்குமரன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வீடியோவில் அழைப்பான், அந்த வரிசையில் இலட்சுமியையும் அழைப்பான். அழகமுத்துவுக்கு அந்த வரிசை கண்ணில் படவில்லை. அவளுடைய பெயர் மட்டும் பட்டது. அவன் றப்பர்க்காரன். ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டினால்தான் மரம் நெடுங்காலம் நிற்கும் என்று இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வருபவன். இணையத்தையும் அவன் அப்படியே விளங்கிக்கொண்டான். மிஞ்சும் டேட்டா வடிந்து வீணாகக் கூடாதென்று ரவுட்டருக்குக் கீழே பால் ஏந்தும் சிரட்டை ஒன்றையும் கம்பியில் கட்டிவைத்தான். "இதுல என்னங்க வடியும்?" என்று இலட்சுமி கேட்டாள். "வடியாட்டி சந்தோசம். லைன் விசயத்த நான் பாத்துக்கிறேன், நீ அதப்பத்திப் பேசாத" என்றான்.

பெப்ரவரி பத்தாம் தேதி பின்னேரம் நான்கரைக்குக் கம்பெனி வேகத்தைக் குறைத்தது. திரையில் இளங்குமரனின் முகம் வாயைத் திறந்தபடி நின்றது. அதே நேரம் இலட்சுமியின் கையிலிருந்து நழுவிய பீங்கான் கோப்பை மறுநாள் காலையில்தான் தரையைத் தொட்டது. அந்த மாதம் அந்த வீட்டில் பருப்பு வேக நான்கு நாள் பிடித்தது. கூரையிலிருந்து செவ்வாய்க்கிழமை புறப்பட்ட மழைத்துளி வியாழக்கிழமை வாளிக்குள் விழுந்தது. முதலாம் தேதி புது டேட்டா வந்ததும் எல்லாம் வழமைக்குத் திரும்பின. கம்பெனி அனுப்பிய ஆள் சோதிப்பதற்காக ஒரு திங்கட்கிழமை உள்ளே போய், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வெளியே வந்தார். லைனில் குறை ஒன்றும் இல்லை, அது கம்பெனியின் விதி என்று எழுதிக் கையொப்பமிட்டார். துரை பங்களாவில் இருப்பதிலேயே பெரிய பெக்கேஜ் இருந்ததால் அங்கே சேவல் பத்து நிமிடம் முந்திக் கூவும். அதையும் தோட்டத்தில் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

உள்ளே போனால் அழகமுத்துவும் மெதுவானான். ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு நாள் பெரட்டு முடிந்து, பெயர் கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மூன்று தடவை அப்படி நடந்தபின் பாயையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்துவிட்டான். வீட்டின் அந்த முன்பகுதிவரை மெதுவு எட்டவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக மனைவியைப் பார்ப்பான். தையல் மெஷினில் அவள் ஒரு மிதி மிதிப்பதற்குள் அவன் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் உதட்டோரம் அசையத் தொடங்கியது. மத்தியானம் பல் தெரிந்தது. சனிக்கிழமை மாலைதான் அது முழுச் சிரிப்பானது. பக்கத்தில் போன் திரையில் இளங்குமரன் வாயைத் திறந்தபடி இருந்தான். இரண்டு நாள் நீளமான சிரிப்பை ஒரு மனைவி வேறு யாருக்காகச் சிரிப்பாள் என்று அழகமுத்து இரண்டு நாளும் யோசித்தான். பிறகு எஹலியகொடவுக்குப் போய், ஐந்தாம் தேதியோடு முடிந்துவிடும் இன்னும் சின்ன பெக்கேஜுக்கு மாறினான்.

வருடங்கள் போயின. கொரோனா வந்து போனது, பெற்றோல் வரிசை வந்து போனது. இலட்சுமிக்கு இரண்டும் ஒரே பருவத்தில் நடந்ததுபோல இருந்தது. பிள்ளை பெறுவதற்கும் சேர்ந்தாற்போலப் பத்து மாதம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாதத்தின் முதல் ஐந்து நாளும் அவர்கள் புதிதாகக் கட்டியவர்கள் போலக் குடும்பம் நடத்தினார்கள். ஆறாம் தேதி அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவான். அழகமுத்துவுக்குக் காதோரம் நரைத்தது, பிறகு உச்சியில் நரைத்தது, வயிறு முன்னே வந்தது. இரண்டாம் தேதி ஒன்றில் இருவரும் இரத்தினபுரிக்குப் போனபோது பஸ் கொண்டக்டர் சிங்களத்தில், "தாத்தே, துவட்டத் டிக்கட் எக்கக்த?" என்று கேட்டான். மகளுக்கும் ஒரு டிக்கெட்டா அப்பா என்ற அந்தக் கேள்வியை அழகமுத்து வீடுவரை சுமந்து வந்தான். அதற்குப் பின் இளங்குமரன் மீது மட்டுமல்ல, கொண்டக்டர் மீது, பால் வெட்டும் இளந்தாரிகள் மீது, அவள் முகத்தில் விழும் வெயில் மீதுகூட அவனுக்குப் பொறாமை வந்தது. அவளை ஒளித்துவைக்க அவன் செய்த வேலைதான் அவளை அப்படியே இளமையாக வைத்திருந்தது. அது விளங்கியபோது பெக்கேஜை இதற்குமேல் சின்னதாக்க வழியிருக்கவில்லை.

இந்த வருடம் ஓகஸ்ட் பத்தாம் தேதி இளங்குமரன் லீவில் ஊருக்கு வந்தான். மறுநாள் திங்கட்கிழமை காலையில் இலட்சுமி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கத் தொடங்குவதை அழகமுத்து ஜன்னல் வழியாகக் கண்டான். கையில் ஒரு துணிப்பை இருந்தது. பின்னேரம் அவள் வாசல் பக்கம் திரும்பியிருந்தாள். அவன் பெரட்டுக்குப் போகவில்லை. செவ்வாயும் புதனும் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து, தன்னை விட்டுப் போகிறவள் ஒவ்வோர் அடியாக எடுத்துவைப்பதைப் பார்த்தான். வலது பாதம் தரையைவிட்டுக் கிளம்பி மறுபடி தரைக்கு வருவதற்குள் அவன் ஏழு தடவை அவளை மன்னித்து, ஏழு தடவையும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டான். பக்கத்து லயத்துப் பெண்கள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவனோடு சேர்ந்து பார்த்தார்கள்.

"கங்காணி, பொண்டாட்டி தேரு மாதிரி வர்றா. வடம் புடிக்க ஆள் வேணுமா?" என்றாள் ஒருத்தி.

"நீ ஒன் வேலையப் பாத்துட்டுப் போ புள்ள" என்றான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு இலட்சுமி வாசலைத் தாண்டி இஸ்தோப்பில் கால்வைத்தாள். உடனே அவளுடைய சேலைத் தலைப்பு எல்லோருடைய சேலையையும் போலக் காற்றில் அடித்தது.

"அவங்கிட்டதான போற?" என்றான் அழகமுத்து. "ஊருக்கு வந்திருக்கானாமே."

"யாரு, இளங்குமரனா? நம்ம வீட்டுல அவன் ஒரு கொட்டாவி விட்டா மூணு வாரம் ஓடுது. அவன் பேச்ச யாருங்க ஒக்காந்து கேப்பா?"

பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ரெண்டு நாளா சிரிச்சியே."

"ஜன்னல்ல ஒங்களப் பாத்துத்தான் சிரிக்க ஆரம்பிச்சேன். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க வேலைக்குப் போயி, வந்து, படுத்து, மறுபடியும் போயிட்டீங்க."

அவள் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். கல்யாணத்தின்போது மனதில் வைத்த அளவுக்குத் தைத்தது. அவனை எழுப்பி நிற்கவைத்து மாட்டிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் பொத்தானும் துளையும் நான்கு விரல் தள்ளி நின்றன. அந்த இடைவெளியை அவள் விரல் வைத்து அளந்தாள். அவனுக்கு இந்த வயிறு வந்ததைப் பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் நாள்தோறும் பார்த்திருப்பார்கள். எந்த நரை எந்தக் கிழமை வந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அந்தப் பெண்கள் மீது அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அவன் படுத்த பாயின் மீதும் இருந்தது. முதல் வருடத்திலிருந்தே கேட்க நினைத்த ஒன்று அவளிடம் இருந்தது. மாதத்தில் கிடைக்கும் ஐந்து நாளில் கேட்டு, அந்த ஐந்து நாளையும் சண்டைக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சண்டை வந்தால் இந்த மெதுவான நாட்களோடு போகட்டும் என்றுதான் நான்கு நாள் நடந்து வந்திருந்தாள்.

பெண்களில் ஒருத்தி காலிக் கோப்பைகளை அடுக்கினாள். இலட்சுமி அவனுடைய காதோரத்து வெள்ளை மயிரைத் தொட்டாள்.

"எனக்கும் நரைக்கணுங்க" என்றாள். "ஒங்க கூடச் சேந்து நரைக்கணும். பெரிய பெக்கேஜ போட்டு விடுங்க."