நாலு விரல் மணல்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒழுங்காகச் சண்டை போடத் தெரிவதில்லை என்பது மேஸ்திரியின் தீராத குறை. அவர் காலத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் தெருவுக்கே கேட்கும். ஒரு தட்டு பறக்கும், ஒரு கதவு அறைபடும், விளக்கு வைப்பதற்குள் எல்லாம் ஓய்ந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது நாலு நாள் வாயை மூடிக்கொண்டு திரிகிறார்கள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார்கள். அப்புறம் பஞ்சாயத்துக்குக் கிழவனைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் எதற்கு? மீன் தொட்டியின் அடியில் மணல் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு.

மகள் வீடு இரண்டு தெரு தள்ளி. கூடத்தில் பாதியை அந்தத் தொட்டிதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் படுக்கிற நீளம், உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பாறையில் ஊதாவும் பச்சையுமாய்ப் பவளங்கள். ஒரு பக்கம் மகள் தையல் மிஷினில் குனிந்திருந்தாள். இன்னொரு பக்கம் லிப்டு ரிப்பேர் பார்க்கிற மாப்பிள்ளை கையில் ரப்பர் குழாயுடன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் கிடந்த நாற்காலி மேஸ்திரிக்கு.

"அப்பா, மூணு வருஷமா மணல்ல படுத்த மீனு இப்ப எங்க போய்ப் படுக்கும்னு அவர்கிட்ட கேளுங்க."

"மாமா, பவளத்துக்குத் தண்ணி வேகமா ஓடணும்னு அவகிட்ட சொல்லுங்க. மோட்டாரை ஏத்தினா மணல் பறந்து பவளத்து மேல உக்காருது. அழுக்கெல்லாம் மணலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. ரெண்டு பவளம் செத்தே போச்சு. அடி காலியா இருந்தா குழாயை விட்டு உறிஞ்சிடலாம்."

"நான் என்ன டெலிபோன் வயரா? ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான இருக்கீங்க?"

மகள் ஊசியில் நூலைக் கோத்தாள். தொட்டியின் மோட்டார் மட்டும் முணுமுணுத்தது.

வழக்கு விரல் நீள மஞ்சள் மீன் ஒன்றைப் பற்றியது. மகள் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருந்தாள். சாயங்காலம் விளக்கு மங்கினால் போதும், தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து காணாமல் போய்விடும். மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் எழுந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மணலை மொத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தூங்குமூஞ்சிக்குத் தூக்கம் போயிற்று, தீனியும் போயிற்று. இப்படியே விட்டால் ஒரு வாரம் தாங்காது என்றாள் மகள்.

அப்பா தன் பக்கம்தான் நிற்பார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மேஸ்திரி குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார். வெறும் கண்ணாடி, துடைத்து வைத்த மாதிரி. நாற்பது வருஷம் தரை போட்ட கை அவருடையது. அழுக்கை ஒளித்து வைக்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது. தரைவிரிப்பைக்கூட அவர் நம்பியதில்லை.

"தரைன்னா தொடைக்க வரணும். மாப்ள சொல்றதுதான் சரி."

மகளின் கால் மிஷினை அழுத்தியது. துணியே இல்லாத இடத்தில் ஊசி கடகடவென்று ஓடியது. ஜெயித்த மாப்பிள்ளையின் முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம். மேஸ்திரிக்கு அதுதான் புரியவில்லை.

ஆறரைக்குத் தொட்டியின் வெள்ளை விளக்கு தானாக அணைந்து நீலம் மட்டும் மிஞ்சியது. பாறைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் மீன் வந்தது. கண்ணாடித் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று, தலையைக் கவிழ்த்து, ஒரே பாய்ச்சல். முட்டி உருண்டது. எழுந்தது. நாலு விரல் தள்ளிப்போய் மறுபடி பாய்ந்தது. அதன் உதடு வெளுத்து உரிந்திருந்தது.

மேஸ்திரி கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றார். வாலிபத்தில் கட்டடங்களிலேயே தங்கி வேலை பார்த்தபோது, அன்றைக்கு வந்து இறங்கிய மணல் குவியலில்தான் படுக்கை. தோளால் இரண்டு நெம்பு நெம்பினால் உடம்புக்குத் தக்கபடி குழி விழும். மேலே சூடு, உள்ளே ஈரம். அப்படி ஒரு தூக்கம் அதன் பிறகு எந்த மெத்தையிலும் அவருக்கு வாய்த்ததில்லை. மீன் மூன்றாவது முறை பாய்ந்தது.

"ஏம்மா, சாப்பாட்டு டப்பா இருக்குமே, கண்ணாடியில, அகலமா. அத எடு."

"எதுக்கு?"

"வீடு பூரா மெத்தை போட்டா படுக்கிறோம்? ஒரு மூலையில ஒரு கட்டில். டப்பா நெறைய நாலு விரல் மணல். மத்ததெல்லாம் மாப்ள தொடைச்சுக்கட்டும். மணலுக்குத்தான் எங்க போறது இப்ப?"

மாப்பிள்ளை எழுந்துபோய், வாசலில் கிடந்த சாமான் பையின் அடியிலிருந்து பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார்.

"நேத்தே வாங்கிட்டேன்," என்றார் தரையைப் பார்த்து. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மிஷின் நின்றது.

மேஸ்திரி எந்தப் பொட்டலத்தையும் நம்புகிறவர் இல்லை. மூலையைக் கிழித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். லாரி லாரியாக மணலை அவர் அப்படித்தான் சோதித்தது. உப்புக் கரித்தால் கம்பியைத் தின்றுவிடும். லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார், முதலாளி குதித்தாலும் சரி. இப்போது மென்று பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நல்லா ஏமாந்தீங்க மாப்ள. இது மணலே இல்ல. கிளிஞ்சல் தூளு. சுண்ணாம்பு!"

"ஆமா மாமா. அதுதான் வேணும்."

"சுண்ணாம்பா?"

"மணல்னு பேரு. பவளத்துக்கு அதுதான் நல்லது."

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால், ஆமாம் அதற்குத்தான் வாங்கினேன் என்கிற ஆளை என்ன செய்வது? மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் குழாயடிக்கு விரட்டினார். மகள் அலச, மாப்பிள்ளை தண்ணீர் ஊற்ற, "இன்னும் கலங்குது, இன்னும்," என்று பின்னால் நின்று அதட்டினார். ஐந்தாவது தண்ணீரில், "கொஞ்சம் மெதுவா ஊத்துங்க, என் மேலயா ஊத்துறது," என்றாள் மகள். யார் மூலமாகவும் இல்லை, நேரடியாக.

டப்பா பாறை ஓரமாக இறங்கியது. வெள்ளைக் கலங்கல் எழுந்து, அடங்கியது. தூங்குமூஞ்சி தூரத்திலிருந்தே பார்த்தது. பிறகு வந்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. குனிந்து வாய் நிறைய மணலை அள்ளியது. உள்ளேயே வைத்திருந்து, தூவென்று துப்பியது.

மகள் சிரித்துவிட்டாள். "உங்கள மாதிரியே பண்ணுதுப்பா!"

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு, சுண்ணாம்புன்னு. படுக்காது, பாரு." மேஸ்திரி செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "மீனுக்குக் கட்டிலாம். நல்ல பொழப்பு."

"டீ போடுறேன், இருங்க மாமா."

"வேணாம்."

படி இறங்கும்போது உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது: "திரும்பவும் வாயை வெக்குதுங்க! பாருங்களேன்!" தன்னைத்தான் கூப்பிடுகிறாளா, அவள் புருஷனையா என்று நின்று யோசிக்கவில்லை. பல்லிடுக்கில் ஒரு துகள் நறநறத்தது. அதைத் துப்பாமல், நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடியே தெருவில் நடந்தார்.