ஹெட்கார்டுக்கு ஒரு ஜோடி

மருமகளின் மீன் தொட்டிக்குள் என் ஸ்கூட்டர் சாவி கிடந்தது. போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துப் படிக்கிறவனை அலையவிடுகிற வேலை எனக்கு ஒத்துவராது.

நான் சம்பாதித்தது ஒரு துணி ஆலையின் வாசலில். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவேன். டிபன் கேரியரின் அடித்தட்டு, செருப்பின் உள்பக்கம், மடக்கிய குடை, கொண்டைக்குள் ஊசி என்று எல்லாம் பார்த்தாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அந்த வாசலில் படித்தது நிறைய. அதில் ஒன்று இது: தேடுகிறவன் கை எங்கே போகக் கூசுகிறதோ அதுதான் ஒளிக்க நல்ல இடம்.

சாவியை ஏன் ஒளிக்க வேண்டி வந்தது என்றால், பக்கத்து வீட்டு கேட்டை நான் லேசாக உரசிவிட்டேன். கேட்டுதான் சாய்ந்தது, எனக்கோ வண்டிக்கோ ஒன்றுமில்லை. அதற்கே வீட்டில் கூடிப் பேசி, வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"வயசாயிடுச்சுப்பா. எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றான் மகன்.

இவன் கொண்டுபோய் விடுகிற அழகு எனக்குத் தெரியாதா? சவரக்கடையில் சீட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். ஆட்டத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போக வேண்டும். ஸ்கூட்டர் இருக்கிறவரைக்கும் நான் ஒரு ஆள். அது போனால் பார்சல்தான். யாராவது ஏற்றிவிட வேண்டும், யாராவது இறக்கி வாங்க வேண்டும்.

அதனால் சாவி தொலைந்துபோனது.

மகன் வீட்டைப் புரட்டிப்போட்டான். அரிசி டப்பாவுக்குள்கூடக் கைவிட்டான். என் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தான். தடவத் தெரியவில்லை அவனுக்கு, இடுப்பை விட்டுவிட்டான்.

"பூட்டுக்காரனக் கூட்டிட்டு வந்து புதுச் சாவி செஞ்சுக்கலாம்" என்றான்.

"தாராளமா கூட்டிட்டு வா. ஒண்ணுன்னு சொல்லி ரெண்டு செய்வான். உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. வாங்கறவன் வீட்ல வண்டி காணாமப் போனா அவன் உன் சட்டையத்தான் பிடிப்பான்."

பூட்டுக்காரன் பேச்சை அவன் அதோடு விட்டான். என் மகனாயிற்றே, சந்தேகம் ரத்தத்திலேயே ஊறியது.

இப்போது தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறையில் சுவரோரமாகக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், ஒரு உடைந்த பூந்தொட்டி, ஒரே ஒரு மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. கோமாளி மீன் என்று அதற்குப் பெயராம். கோமாளித்தனம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆலையில் எனக்கு மேலே ஒரு தலைமைக் காவல்காரன் இருந்தான். யார் வந்தாலும் முதலில் பாய்வான், பாய்ந்த பிறகுதான் யாரென்று பார்ப்பான். அவன் ஞாபகமாக இதற்கு ஹெட்கார்டு என்று பெயர் வைத்தேன். தொட்டியில் விட்ட வேறு மீன்களையெல்லாம் அது விரட்டி விரட்டி, அவற்றைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. தண்ணீரில் கை பட்டால் போதும், நேராக வந்து கடிக்கும். பெரிய காயமெல்லாம் இல்லை, ஆனால் உயிர் போய் உயிர் வரும்.

மருமகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். அவளுக்குக் கைதான் மூலதனம். "பிளாஸ்திரி ஒட்டின விரலோட மொகத்தத் தேய்ச்சா எவ வருவா?" என்று அவள் தொட்டிக்குள் கைவிடுவதையே நிறுத்திவிட்டாள். கண்ணாடியெல்லாம் பாசி. மகனோ கடி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. இப்படி ஒரு இடத்தை நான் விடுவேனா? சாவியை ஒரு பழுப்புக் கண்ணாடி மாத்திரை பாட்டிலில் போட்டேன். மிதக்காமல் இருக்க மணலை நிரப்பினேன். மூடியை இறுக்கி, நீளக் கரண்டியால் பூந்தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். காவலுக்கு ஹெட்கார்டு. சம்பளம் நாலு உருண்டைத் தீனி.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மருமகள் வந்து, "மாமா, அது தனியா இருக்கறதாலதான் இந்த ஆட்டம் ஆடுதாம். ஒரு ஜோடி சேத்துட்டா அடங்கிடுமாம். அடங்கிட்டா மொத்தத் தொட்டியையும் வெளிய எடுத்துத் தேய்ச்சுக் கழுவிடலாம்" என்றாள்.

கழுவினால் என் பாட்டில் வெளியே வந்துவிடும். "யாரு சொன்னா?"

"மீன் கடைக்காரர்."

"விக்கிறவன் வேற என்னம்மா சொல்லுவான்?"

கேட்கவில்லை. சரி, கூடவே போய்க் காரியத்தைக் கெடுக்கலாம் என்று நானும் கிளம்பினேன்.

கடைக்காரன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தான். கண்ணாடியைக் கண்ணில் போடாதவனை நான் நம்புவதில்லை. "எங்க வீட்டு ஆளுக்கு ஒரு பொண்ணு வேணும். நல்லா வாட்டசாட்டமா, இவன அடக்கற மாதிரி" என்றேன்.

"ஐயா, உங்க வீட்ல இருக்கறதுதான் பொண்ணு."

"நீ வந்து பாத்தியா?"

"பாக்கவே வேணாம். இந்த ஜாதி பொறக்கறப்ப எல்லாம் ஆம்பளைதான். இருக்கறதுலயே பெருசா, சண்டைக்காரியா எது இருக்கோ அது பொம்பளையா மாறிடும்."

நான் மருமகளைப் பார்த்தேன்.

"என்னை ஏன் மாமா பாக்கறீங்க?"

"சும்மாதான்மா."

நான் பெரிய மீனையே கேட்டேன். இரண்டு முரடு சேர்ந்தால் காவல் இன்னும் பலமாகும் என்று கணக்கு. "ரெண்டும் பொம்பளையா இருந்தா ஒண்ணு சாகற வரைக்கும் விடாதுங்க" என்றான் அவன். பெரிய மீனை விட்டுவிட்டேன். ஹெட்கார்டு சாகக் கூடாது.

கடைசியில் மூலையில் ஒதுங்கி நின்ற ஒரு சின்ன மீனைக் காட்டினான். "இதோட ஜோடி செத்துப்போச்சு. ரொம்ப அடங்கின குணம். ஓட்டை போட்ட டப்பால வச்சு உள்ள தொங்க விடுங்க. ஒண்ண ஒண்ணு பாக்கட்டும், ஆனா எட்டக் கூடாது. பெருசு முட்டறத நிறுத்தணும். சின்னது அதுக்கு முன்னாடி உடம்ப உதறிக் காட்டணும். அதுக்கப்புறம் தொறந்து விடுங்க."

"உதறினா?"

"நீதான் பெரியவ, நான் உனக்கு அடங்கினவன்னு அர்த்தம்."

"இவ்வளவு வெளிப்படையா ஒத்துக்கற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்றாள் மருமகள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தான். டப்பாவைத் தொங்கவிட்ட நொடியிலேயே ஹெட்கார்டு வந்து டம்மென்று முட்டியது. மாப்பிள்ளை டப்பாவின் மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டான். எனக்குப் பரம திருப்தி.

பகலில் வீட்டில் இருப்பது நான் மட்டும்தான். "நீங்க பாத்துட்டே இருந்து சொல்லுங்க மாமா" என்று மருமகள் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். என்னிடம்.

சாயங்காலம் வந்ததும் கேட்பாள். "என்னாச்சு?"

"முட்டுது."

மறுநாளும் முட்டுது. அடுத்த வாரமும் முட்டுது. உண்மையில் அது முட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. டப்பாவை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைக் கண்டதும் குளிர் கண்டவன் மாதிரி உடம்பை உதறுவான். அது ஒரு பார்வை பார்க்கும், போகும், திரும்ப வரும். பார்க்க எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் எனக்கு என் ஸ்கூட்டர் முக்கியம்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்லையென்று அழகு நிலையத்தைச் சாத்திவிட்டு அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். இரண்டும் டப்பாச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஒட்டிப் படுத்துக்கிடந்தன.

"முட்டுதுன்னு சொன்னீங்க?"

"காலைல முட்டுச்சு. இப்பதான் சமாதானம் ஆச்சு போல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவைத் திறந்துவிட்டாள். மாப்பிள்ளை வெளியே வந்தான், ஹெட்கார்டின் முன்னால் போய் உதறினான், அதன் வாலைப் பிடித்தமாதிரி பூந்தொட்டிக்குள் குடிபோனான். அவ்வளவுதான்.

அடங்கிவிட்டது என்று நம்பி, அவள் ஸ்பாஞ்சோடு கையை உள்ளே விட்டாள். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஹெட்கார்டு பாய்ந்து வந்து கடித்தது. பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து கடித்தான்.

"இதுக்கா காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்?" என்று அவள் கையை உதறினாள்.

"குடும்பம்னு ஆயிடுச்சில்ல, பொறுப்பு வந்திருக்கும்" என்றேன். அன்றைக்கு ராத்திரி தூங்கின மாதிரி நிம்மதியாக நான் தூங்கி வெகு நாளாயிற்று.

அந்த நிம்மதிக்கும் ஆயுசு கம்மி. சில மாதம் கழிந்து ஒரு காலையில் இரண்டும் சேர்ந்து பூந்தொட்டிக்குப் பின்னால் மும்முரமாக எதையோ வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தன. என் பாட்டிலைத்தான். வழுவழுவென்று கண்ணாடி, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேறென்ன வேண்டும்? வாலால் தொட்டித் தரை மணலைத் தள்ளி அதை முழுக்க வெளியே கொண்டுவந்துவிட்டன. பிறகு அதன் மேலேயே ஹெட்கார்டு முட்டை இட்டது. பொடிப்பொடியாக, ஆரஞ்சு நிறத்தில், வரிசையாக.

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசிக் கேமராவை வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாள் போகப் போக முட்டைக்குள் கண் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கண்களுக்குப் பின்னால், பழுப்புக் கண்ணாடிக்குள், மணலில் பாதி புதைந்து, நீலத் தலை வைத்த ஒரு சாவியும் தெரிந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கைப்பேசி அசையாமல் நின்றது. அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

அந்த நேரம் பார்த்தா மகன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்? தையல்காரராம், துணி கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டுமாம். "சாவி இல்லேன்னா என்ன சார், நான் தள்ளிட்டுப் போய்ப் பூட்ட உடைச்சுக்கறேன்" என்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். இத்தனை நாள் காவல், கடி, பொய் எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போயிற்று. மகன் முகம் மலர்ந்துவிட்டது.

மருமகள் கைப்பேசியைத் திருப்பி மேசையில் வைத்தாள். "உடைக்கறதெல்லாம் வேணாம். மாமா வண்டி அது. மாமாவுக்கு அதுல வேலை இருக்கு, இப்ப குடுக்கறதா இல்ல."

"என்ன வேலை?" என்றான் மகன்.

"என் வேலை. மீன் குஞ்சு பொரிஞ்சா உயிரோட நீந்தற பொடிப் பூச்சித் தீனி வேணும், தெனமும் வேணும். கடை ஊருக்கு அந்தக் கோடி. நீ போவியா?"

மகன் தையல்காரரைப் பார்த்தான். தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். "சாவியே இல்லாம எப்படிப் போவாரு?" என்று மகன் முணுமுணுத்துக்கொண்டே அவரை வழியனுப்பப் போனான்.

அடுப்படியில் அவள் என்னைப் பிடித்தாள். "முட்டுது, முட்டுதுன்னு எவ்வளவு நாள் மாமா ஓட்டினீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் பேசக்கூடாது. வாசலில் நின்ற காலத்தில் எத்தனை பேர் பேசிப் பேசியே வேலையை இழந்தார்கள்.

"அவருகிட்ட சொன்னா இப்பவே கைய விட்டு பாட்டில வெளிய இழுப்பாரு, முட்டையெல்லாம் போயிடும். அதுக்காகத்தான் சொல்லல. உங்களுக்காக இல்ல."

"சரிம்மா."

"இனிமே எவன் கேட்டையாவது இடிச்சீங்க, நானே எடுத்துக் குடுத்துடுவேன்."

"அது அவன் கேட்டு ரோட்டுல நீட்டிட்டு இருந்துச்சு..."

"மாமா."

"இடிக்க மாட்டேன்."

குஞ்சுகள் பொரிந்தன. கண்ணுக்கே தெரியாத நூல் துண்டுகள் மாதிரி இருந்தன. அவள் அவற்றைத் தனியாக ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, "இப்ப எடுத்துக்கங்க. நீங்க போட்டது, நீங்களே எடுங்க" என்றாள். கரண்டியைத் தேடினேன், அதை அவள் கையில் வைத்திருந்தாள். வெறுங்கையை விட்டேன். இரண்டும் சேர்ந்து என்னைக் கவனித்துக்கொண்டன. ஹெட்கார்டுக்கு நாலு உருண்டை போட்டு வளர்த்தவன் என்கிற நன்றியெல்லாம் கிடையாது. சாவியை எடுத்துக்கொண்டு, காலி பாட்டிலில் மறுபடி மணலை நிரப்பி உள்ளே வைத்தேன். அடுத்த ஈட்டு முட்டைக்கு வேண்டுமாம்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். திரும்புகையில், தீனித் தண்ணீர் நிரப்பிய ஜாடி இரண்டு காலுக்கும் நடுவே. அது சிந்தக் கூடாது என்று, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையில் என் மகன். கண்ணாடியை இறக்கினான். என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பூட்டில் தொங்குகிற நீலச் சாவியைப் பார்த்தான்.

"அப்பா, அது எங்க கெடைச்சுது?"

"உன் பொண்டாட்டியக் கேளு" என்றேன். பச்சை விழுந்தது. ஜாடியை முழங்காலால் அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.