யுகுலேலேக்கு நான்கு முறுக்காணிகள்

பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைக் கடையின் பின்னறையில் கஜனி யுகுலேலே செய்கிறாள். நான்கு நைலோன் தந்திகள் கொண்ட, கைக்குழந்தை அளவிலான சின்னக் கிட்டார் அது. ஒன்பது வருடம் கண்டியில் கிட்டார் திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்தாள். அங்கே அவள் கைபட்டதெல்லாம் முதலாளியின் பெயரில் வெளியே போயிற்று. பெப்ரவரியில் விலகி வந்து இந்த அறையைப் பிடித்தாள். முன்பக்கக் கடையில் விற்பனை பார்ப்பவன் அவள் கணவனின் தம்பி சுதேஷ்.

கலகெதரப் பக்கத்துப் பாலர் பாடசாலை ஆசிரியைகள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு யுகுலேலே வாங்குவதென்று தீர்மானித்திருந்தார்கள். கொழும்பில் கிடைக்கும் இறக்குமதிச் சாமானை எடுப்பதா, கஜனியிடம் செய்விப்பதா என்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். மாதிரி ஒன்றைப் பார்க்க றுமைஸா டீச்சர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால், கஜனியின் சொந்தப் பெயருக்கு வரும் முதல் ஓடர் அதுதான்.

பலாமரத்தில் உடல் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது தந்தியை இறுக்கும் முறுக்காணிகள். தொழில் செய்பவர்கள் அவற்றைக் கீ என்பார்கள். மேசையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பல்சக்கரம் இல்லாதது, தலையின் பின்னால் நேராக நிற்கும். மற்றது பல்சக்கரம் வைத்தது, காதுகள்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கஜனி சக்கரக் கீயை எடுத்துப் பொருத்தினாள். அதன் பிடிகள் கறுப்புப் பிளாஸ்டிக்.

சுதேஷுக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணி, இம்புட்டு வேலை செஞ்சிட்டு கடைசியில சட்டைப் பொத்தானையா மாட்டுவீங்க?"

இரண்டு நாளில் அவனே பட்டறையில் வார்ப்பித்து நான்கு பித்தளைப் பிடிகள் கொண்டுவந்தான். வெற்றிலை வடிவம், கண்ணாடி மாதிரி மெருகு.

"கையில வாங்கிப் பாருங்க. கனம் எப்பிடி?"

பிலிமத்தலாவையில் பித்தளை நிறைக்கு விலைபோகும். விளக்கு வாங்க வருகிறவர் விலையைக் கேட்குமுன் அதைத் தூக்கிப் பார்ப்பார். கை தாழ்ந்தால் முகம் மலரும். எட்டு மாதம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்ததில் கஜனிக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. பிடிகளை உள்ளங்கையில் போட்டு ஏற்றி இறக்கினாள். பிடித்துப்போயிற்று. மாட்டினாள். கதிரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் கழுத்தை மேசை விளிம்பில் சாய்த்துச் சுருதி சேர்த்தாள். குறை எதுவும் தெரியவில்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்கு றுமைஸா வந்தார். உயரமான பெண்மணி, தோளில் பெரிய பை, நனைந்த குடை.

"மிச்சம் வடிவா ஈக்கி, கஜனி" என்று சொல்லிக்கொண்டே வாத்தியத்தை வாங்கினார். உட்காரவில்லை. நின்றபடி வலக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, வகுப்பில் பாடும் எண்ணுப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். இடக்கை விரல்கள் இடம் மாறும்போதெல்லாம் வாத்தியத்தின் தலை தரையை நோக்கிச் சரிந்தது.

"இது ஏன் தலயப் போட்டுக்கிட்டே ஈக்கி? தூக்கம் வருதா இதுக்கு?"

வாசலில் நின்ற சுதேஷ் முந்திக்கொண்டான். "அசல் பித்தளை டீச்சர். கனம் இருக்கத்தான் செய்யும்."

"தம்பி, நான் வெளக்கு வாங்க வரல்ல. வகுப்புல நிண்டுக்கிட்டு வாசிக்கிற எனக்கு. ஒரு புள்ள சால்வையப் புடிச்சி இழுக்கும், இன்னொண்டு மூக்கத் தொடைக்கச் செல்லும். இதத் தூக்கிப் புடிக்க மூணாவது கைக்கு எங்க போற?"

கஜனி வாத்தியத்தைத் திரும்ப வாங்கினாள். கழுத்தும் உடலும் சேருமிடத்தை ஒற்றை விரலில் வைத்தாள். தலை நேராகக் கீழே போயிற்று. ஒன்பது வருடம் கிட்டாரோடு பழகியவள். கிட்டாரின் பெரிய உடல் எந்தத் தலையையும் தாங்கிக்கொள்ளும். நானூறு கிராம் யுகுலேலேக்கு அந்த வசதி இல்லை. கடைத் தராசில் நான்கு பிடிகளையும் கழற்றிப் போட்டாள். தொண்ணூற்றிரண்டு கிராம்.

"பிழை என்னுதுதான் டீச்சர். கையில தூக்கிப் பாத்தேன், நின்னு வாசிச்சுப் பாக்கல."

"பழைய பொத்தானையே மாட்டிருங்க அண்ணி" என்றான் சுதேஷ்.

"எங்க அது?"

அவன் தலையைச் சொறிந்தான். "திங்கக்கிழமை குப்பையோட போயிருச்சு."

"நல்லா இருக்கு ஒன் வேலை."

மேசையில் கிடந்த சக்கரமில்லாத கீயை றுமைஸா எடுத்துப் பார்த்தார். "இது காத்து மாதிரி ஈக்கே. இதப் போட ஏலாதா?"

கஜனி அந்தக் கீ போட்ட பழைய யுகுலேலே ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். றுமைஸா அதன் கீயைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டார். சுருதி எங்கேயோ போய்விட்டது.

"அல்லாஹ்! புள்ளயள்ட கை பட்டா?"

"அதான் வேணாங்கிறேன். மாசா மாசம் ஆணிய வேற இறுக்கணும். சக்கரக் கீயே இருக்கட்டும், பிடிய மட்டும் மாத்துவோம். பஸ் எத்தன மணிக்கு?"

"ஒண்டரைக்கு."

"அதுலயே போகலாம். இருங்க டீச்சர்."

"இந்தக் கோலத்துல இது கூட்டத்துக்குப் போனா நான் என்ன செல்ற?"

"இந்தக் கோலத்துல போகாது."

துண்டுப் பலகைகள் கிடந்த பெட்டியைக் கவிழ்த்தாள். வெடிப்பில்லாத துண்டாக ஒரே மரத்தில் நான்கு தேறவில்லை. கிடைத்ததை எடுத்தாள்: மஞ்சள் பலா, சிவந்த மஹோகனி, கறுத்த கித்துள், வெளிறிய மலைவேம்பு. அறுத்து, உரைத்து, ஊசி அரத்தால் துளையைச் சதுரமாக்கி, ஒவ்வொன்றாகத் தண்டில் பொருத்தி ஆணி முடுக்கினாள். ஒரு மணித்தியாலம் பிடித்தது. நான்கும் சேர்ந்து ஏழு கிராம்.

றுமைஸா மறுபடி நின்று வாசித்தார். எண்ணுப் பாட்டு பத்துவரை போய் முடிந்தது. நடுவில் இடக்கையை முழுவதுமாக எடுத்துச் சால்வையைச் சரிசெய்தார். வாத்தியம் அசையவில்லை. அதைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு வகுப்புல வெச்சிப் பாக்குறன். வெள்ளிக்கெழம முடிவச் செல்றன்."

"கொண்டு போங்க. புள்ளைங்க கையிலயே குடுங்க."

அவர் பஸ்ஸேறியதும் சுதேஷ் கேட்டான். "ஒரு வார்த்த பதில் சொல்லல. தூக்கிக் குடுத்துட்டீங்களே அண்ணி?"

"இப்ப அது தாங்கும்டா."

அன்று மாலையே நல்ல மஹோகனிப் பலகை ஒன்று வாங்கி வந்தாள். நாலு நிறம் பார்க்க ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மற்றப் பதினொன்றும் ஒரே சிவப்பில் சீராக இருக்கட்டும் என்று நாற்பத்துநான்கு பிடிகள் அறுக்கத் தொடங்கினாள்.

"ஓடர் வர முன்னுக்கேவா?"

"வரும்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. பின்னால் பல பெண்களின் குரல்கள் கேட்டன.

"கஜனி, நேத்து புள்ளயள் பதினேழு பேரும் கீய முறுக்கிட்டாங்க. நான் ரெண்டு நிமிசத்துல சரியாக்கிட்டன். இங்க டீச்சர்மாருக்கு எந்தக் கம்பிக்கு என்ன பேரெண்டு தெரியா. மஞ்சள இறுக்குங்க, கறுப்பத் தளத்துங்க எண்டன். ஆரும் பிழக்கல்ல. எங்களுக்கு இன்னும் பதினொண்டு வேணும். எல்லாத்துக்கும் அதே நாலு நெறம், அதே ஒழுங்கு. மாத்திராதீங்க."

"மாத்த மாட்டேன் டீச்சர்."

சுதேஷ் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தான். மேசையில் வரிசையாக அடுக்கியிருந்த நாற்பத்துநான்கு சிவப்புப் பிடிகளைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒண்ணுக்கு ஒரு செவப்புதான். பதினொண்ணு போக முப்பத்திமூணு மிச்சம் அண்ணி. அத என்னா செய்யப் போறீங்க?"

கஜனி பதினொன்றை எண்ணி எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஒரு தகர டப்பாவில் கொட்டினாள்.

"அடுத்த முப்பத்திமூணு யுகுலேலேக்கு" என்று சொல்லிவிட்டுக் கித்துள் பலகையைத் தேடினாள்.