ஒரு நாற்காலிக்கு நான்கு முடிவுகள்

1

இந்தக் கதை ஒரு துணிக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டார் திரைச்சீலைக்கு நிறம் தேடிக்கொண்டிருக்க, நான் வாடிக்கையாளர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரே காலி நாற்காலிப் படங்களாக வந்தன. நிமிர்ந்தால், எதிரே ஒரு விற்பனைப் பெண் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். மற்றதெல்லாம் என் கைவேலை.

2

முதல் வரி: "அவள் கண்களில் புரட்சித் தீ..."

வேண்டாம். அவள் கண்களில் தூக்கம்தான் இருந்தது.

மறுபடி. அக்கா, தங்கை என்று இருவர். பெரியவள் இந்தக் கடையில் படுக்கை விரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே காட்சிக்கென்று ஒரு கட்டில் விரித்து வைத்திருக்கிறார்கள். வாங்க வருபவர்கள் உட்காரலாம். விற்பவர்கள் உட்காரக் கூடாது. நாள் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் போல் ஒரு கொடுமை உண்டா? ஒருநாள் கடை திறக்குமுன், வீங்கிய கால்களை அந்த விரிப்பின்மேல் தூக்கி வைத்துப் படமெடுத்தாள். "உட்கார ஒரு நாற்காலி குடுங்க" என்று எழுதிப் பதிவிட்டாள். கல்லூரியில் படிக்கும் தங்கை, தன் உயிருக்குயிரான நடிகையை அதில் டேக் செய்தாள்.

நடிகை பகிர்ந்தார். "ஆளுக்கொரு காலி நாற்காலிய படம் எடுத்துப் போடுங்க, தம்பி தங்கைகளா" என்றார். ஊர்ப்பட்ட பிள்ளைகள் போட்டார்கள், தங்கையும் போட்டாள்.*

(* இவர்களைக் கிண்டல் செய்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். கடையில் நிற்கும் பெண்ணுக்குக் கால் என்று ஒன்று இருப்பதைப் பலர் அன்றுதான் பார்த்திருக்கிறார்கள். அது சின்ன விஷயமில்லை.)

3

வினை அந்த விரிப்பில்தான் இருந்தது. நடிகையின் விளம்பரங்களைக் கரைத்துக் குடித்த ரசிகன் ஒருவன் கண்டுபிடித்து எழுதினான்: "இது தலைவி விளம்பரத்துல படுத்திருக்கிற அதே பெட்ஷீட்தானே? அதே கடைதானே?" பெருமையாகத்தான் எழுதினான், பாவம். சாயங்காலத்துக்குள் நடிகை பதிவை நீக்கிவிட்டார். நாற்காலிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரியவளின் கால்கள் மட்டும் மிஞ்சின.

சூப்பர்வைசர் தனியே கூப்பிட்டார். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டுமீசை வைத்த மாதிரி இருந்தது.)

"அந்தப் படத்த எடுத்துடும்மா. எடுத்துட்டா நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வந்து தங்கையின் பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் நாற்காலியைக் காணோம்.

"நீயுமாடி?"

"அவங்களே எடுத்துட்டாங்கக்கா. அவங்களுக்கு என்ன நெருக்கடியோ..."

"அவங்க எடுத்தா நீயும் எடுப்பியா? வீங்கினது அவங்க காலா, என் காலா?"

தங்கை அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பெரியவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வலித்தது. நடிகை யாரோ எவரோ. இவள் தூக்கி வளர்த்த தங்கை.

4

முடிவு ஒன்று: நடிகை கடைக்கே வந்து மன்னிப்பு... (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: படத்தை நீக்குகிறாள். மறுநாள் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

முடிவு மூன்று: நீக்கவில்லை. வேலை போகிறது. அலைந்து திரிந்து வேறொரு கடையில் சேர்கிறாள். அங்கேயும்...

எப்படி எழுதினாலும் அவளை என்னால் உட்கார வைக்க முடியவில்லை.

நான்காவது: தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "இருக்கா, நான் மறுபடி போடறேன். இந்தத் தடவ உன் காலையே போடறேன்." கைபேசியை எடுக்கிறாள். பழக்கதோஷம், முதலில் விரல் நடிகையின் பக்கத்துக்குத்தான் போகிறது, புதிதாக ஏதும் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க. பெரியவள் தங்கையின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, நடிகை என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதாதீர்கள்.