பட்டுத் திரி போட்ட அட்டமைசர்

எஸ்தர் பிறந்ததிலிருந்து ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் மூன்று அட்டமைசரைக் கொடுத்து, "சனிக்கிழமைக்குள்ள எது ஒசத்தின்னு சொல்லிடும்மா" என்றார் ஆராவமுதன். சின்ன காஞ்சிபுரத்தில் சர்பத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் எசன்ஸ் தயாரிக்கிற கம்பெனியின் முதலாளி அவர். எலக்ட்ரானிக் சிகரெட்டில் விடுகிற, நிகோடின் இல்லாத வாசனைத் திரவம் கேட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. அந்தத் திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கி, இழுத்து ருசி பார்க்கிற குழாய்தான் அட்டமைசர். அது 2013. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படியொரு வஸ்து இருப்பதே தெரியாது.

ஏலக்காய் வாசனையை ஆராவமுதனே மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கலந்திருந்தார். ஆனால் இழுத்துப் பார்க்க மாட்டார். எச்சில் விஷயத்தில் மனிதர் படு கறார். சொந்தத் தம்ளரையே உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவர், கண்டவர் வாய் பட்ட குழாயில் வாய் வைப்பாரா? அவர் வேலை மூக்கோடு சரி. நாக்கு வேலைக்காக, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த எஸ்தரை மூன்று வாரம் பரீட்சார்த்தமாக ருசி மேசையில் உட்கார வைத்திருந்தார். தேறினால் அங்கேயே இருக்கலாம். சொதப்பினால் திங்கட்கிழமை மறுபடி கோந்து வாளி.

முதல் அட்டமைசர் திறக்கவே வராதது. புதினாவை இழுத்துவிட்டு ஏலக்காயை விட்டால், ஏலக்காய்க்குள்ளும் புதினாவே குந்திக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பெரிய தொட்டி. ஒவ்வொரு வாசனைக்கும் கால் புட்டி குடித்தது, கழுவியும் மாளவில்லை. மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு திருகு, நடுவில் சின்னக் கம்பிச் சுருள், அதற்குள் நுழைக்க ஒரு திரி. மூன்று சொட்டு போதும். அடுத்த வாசனைக்குத் திரியை மாற்றிவிடலாம்.

திரியை ஆராவமுதனே கொடுத்தார். அவருடைய பழைய பட்டு வேஷ்டியின் முனை நூல்.

"பட்டுக்குத் தீட்டே கெடையாதும்மா. எந்த வாசனையும் ஒட்டாது, மாத்தவே வேண்டாம்."

எஸ்தர் ஏலக்காயை விட்டு இழுத்தாள். கருகல் வாடை தொண்டையைப் பிடித்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது உதவாது. தொட்டி வெச்சதையே எழுதிடு."

தலையை ஆட்டியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவளுக்கு மனசு கேட்கவில்லை. புதினாவை விட்டாள், அதே வாடை. ரோஜாவை விட்டாள், அதே வாடை. இதை எங்கேயோ மோந்திருக்கிறோமே என்று கண்ணை மூடி யோசித்தாள். இங்கே வருவதற்கு முன் இரண்டு வருஷம் காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் நின்றவள் அவள். அசல் பட்டுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால், கடைக்காரர் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்திக் காட்டுவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

"சார், உங்க வேஷ்டி அசல் பட்டு."

"அதுக்கென்ன இப்போ?"

"அதான் சார் நாறிக்கினு இருக்குது. முடி கருகுற வாடை. ஏலக்காய் மேலயும் தப்பில்ல, அட்டமைசர் மேலயும் தப்பில்ல."

முதலாளியின் மடி வேஷ்டியை நாறுகிறது என்றுவிட்டோமே என்பது அப்புறம்தான் உறைத்தது. கோந்து வாளி கண்முன்னால் வந்து நின்றது.

ஆராவமுதன் எழுந்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சைக் கிள்ளி மேசையில் வைத்தார். அவள் அதைத் திரித்துச் சுருளில் நுழைத்து, மூன்று சொட்டு ஏலக்காய் விட்டு இழுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எப்படி இருக்கு? சொல்லேன்!"

"முதல்ல தோலோட நசுக்கின மாதிரி இருக்குது சார். அப்புறம்..."

"அப்புறம்?"

"அதை எப்படிச் சொல்றது..."

அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இருமினார், கண்ணில் நீர் கோத்தது, இருமலுக்கு நடுவே சிரித்தார். தன் ஏலக்காயை அவர் ருசித்தது அதுவே முதல் தடவை.

பிறகுதான் குழாயைப் பார்த்தார். அவள் வாய் பட்ட ஈரம் இன்னும் காயவில்லை. அவள் கூரம் கிராமத்துக்கு வெளியே இருக்கிற காலனியிலிருந்து வருகிறவள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் பார்வை ஒரு தடவை மூலையிலிருந்த கை கழுவும் தொட்டிக்குப் போய்த் திரும்பியது.

"மூணாவதையே எழுதிடு. லேபிளுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அட்டமைசரை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு சொட்டு விடும்மா."