வெள்ளைச்சியின் முட்டைக்குழாய்

1.
ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. 1969 ஆவணி, அச்சுவேலி. பொய் சொன்னவனுக்கு முருகேசு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

‘கோழி கூவும் முன்னே முருகேசு எழுந்து…’ வேண்டாம். கூவுவது சேவல். இது பேட்டுக்கோழியின் கதை.

2.
முருகேசு பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறவன். விடுமுறைக்கு அக்கா குணலட்சுமி வீட்டுக்கு வந்தான். அக்காவின் செல்லக் கோழி வெள்ளைச்சி, முட்டை நின்று, இறகெல்லாம் கொட்டி, வேலியோரம் குந்திக்கொண்டிருந்தது. அடைக்குக் கிடக்கிறதென்று நினைத்த அக்கா, அதை மூன்று நாள் வாளித் தண்ணீரில் முக்கியெடுத்திருந்தாள். அடை தெளிய எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம்.

(அந்த வாளியும் கிணற்றடி வாழையும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. கதைக்குத் தேவையில்லை. எடுக்க மனம் வரவில்லை.)

“தம்பி, நீ படிச்சனி. இது இனி முட்டை இடுமோ?”

இறகு முளைத்ததும் இடும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால், இறகுதிர்க்கும் கோழியின் முட்டைக்குழாய் ஒன்று அவனுக்குப் பரிசோதனைக்கு வேண்டியிருந்தது.

“இடாது அக்கா. இதின்ரை காலம் முடிஞ்சுது.”

“மெய்யே?”

“ஓம்.”

அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் குழம்புக்குத் தேங்காய் துருவப் போனாள். கோழியை அறுத்தபோது குழாயை அவன் மருந்துப் போத்தலில் போட்டுக்கொண்டான்.

3.
பேராதனையில் அதை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தான். முட்டையிடும் கோழிக்கு வெள்ளைக்கரு சுரக்கும் சுரப்பிகள் அங்கே நெருக்கியடித்து நிற்கும். வெள்ளைச்சிக்குச் சுருங்கிக் கிடந்தன. பொய் மெய்யாகிவிட்டதே என்று அவனுக்கு ஆறுதல். [இங்கேயே முடித்திருக்கலாம்.] பிறகுதான் இடையிடையே புது உயிர்க்கலங்களைக் கண்டான். ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தவை. இன்னும் சில கிழமைகளில் வெள்ளைச்சி முட்டை இட்டிருக்கும்.

4.
அக்காவின் கடிதம் வந்தது. “அயலட்டையிலை கதைக்கினம் தம்பி, இறகு முளைச்சால் திரும்ப இடுமாம் எண்டு. நான் உன்னைத்தான் நம்பினனான். நீ சொன்னது சரிதானே?”

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறான். அக்கா அழுதுவிட்டு மன்னிக்கிறாள். (கட்டாயம் மன்னிப்பாள். அதுதான் பயம்.)

முடிவு இரண்டு: “ஓம் அக்கா, சரிதான்” என்று எழுதுகிறான். அவள் நிம்மதியாகிறாள். அவன்…

பதின்மூன்று வருடமாக இதிலேயே நிற்கிறேன். ‘அன்புள்ள அக்கா’ என்பதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். முருகேசுவால் முடியாது. சரி, என்னால் முடியாது. அன்றைக்கு அந்தக் குழம்பை நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா தன் சோற்றில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை.