கூழ் குடிக்க வந்தவர்கள்

குருநகர் இறங்குதுறையில் வெயில் ஏறுவதற்குள் நல்ல நண்டு முடிந்துவிடும். வசந்தினி குந்தியிருந்து நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாரம் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது கூச்சமாக இருந்தது. நண்டு வாங்குவதைப் பார்க்கவும் ஆட்கள் விமானம் ஏறி வருவார்கள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்த உதயகலா. வட்டுக்கோட்டையில் பிறந்தவர், அறுபது தாண்டியவர். மற்ற இருவரும் நெதர்லாந்திலிருந்து வந்த இளம் சோடி. கூட்டி வந்தவன் கொக்குவில் மயூரதன். நகரத்தை நடந்தே சுற்றிக் காட்டி, வழிநெடுகச் சாப்பிடக் கொடுப்பது அவன் வேலை. கடைசியாக வசந்தினியின் முற்றத்தில் கூழ். இன்றுதான் முதல் நாள். வந்தவர்களுக்குப் பிடித்து, இணையத்தில் நல்லதாக எழுதிவிட்டால் இனி அவளிடம்தான் கூழ் என்று மயூரதனின் முதலாளி சொல்லியிருந்தார். பிறகு ஐஸ் கொம்பனியில் இறால் உரிக்கப் போக வேண்டியதில்லை. அந்தக் குளிரில் விறைத்து விறைத்து, இப்போதெல்லாம் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் விரல் வளைவதில்லை.

"நீரும் எங்களோடை நடந்து வாருமன்," என்றார் உதயகலா.

"உலை கொதிக்குது, அம்மா."

"வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"அவர் நிக்கிறார்."

"பிறகென்ன, அவர் பாப்பார். அம்மா எண்டாதையும், அக்கா எண்டு கூப்பிடும்."

நண்டைச் சைக்கிள்காரப் பொடியன் ஒருவனிடம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வசந்தினி அவர்களோடு நடந்தாள். பெரியகடைத் தெருவால் அவள் போகாத நாளில்லை. ஆனால் பையும் அவசரமுமாகத் தலையைக் குனிந்துகொண்டு போவதுதான் பழக்கம். மயூரதன் கையை உயர்த்திக் காட்டியபோதுதான் கடைகளுக்கு மேலே பார்த்தாள். செதுக்கு வேலை செய்த மர யன்னல்கள் வரிசையாக இருந்தன, ஒன்றில் புறாக்கள் குடியிருந்தன. இவ்வளவு காலமும் இது இங்கேதான் இருந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எங்கோ கொத்தமல்லி வறுபடும் வாசம் தெருவையே மூடியிருந்தது.

சோனகத்தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டு முன்னறையில், காற்றாடிக்குக் கீழே, கதிரையில் இருத்தி வட்டிலப்பம் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. வாயில் வைத்ததும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் நாக்கில் கரைந்து போயின. வசந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். இதே ஊரில் ஐம்பத்தைந்து வயது வரைக்கும் இருந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள், சந்தோஷத்தில் அழுகை வந்தது. உதயகலா தன் கிண்ணத்திலிருந்து பாதியை அவளுக்கு அள்ளி வைத்தார்.

கொட்டடியில் அவள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது மேசைமேல் கண்ணாடிக் கிண்ணங்களை அவள் புருஷன் துடைத்து வைத்திருந்தார். கலியாணத்துக்கு வந்தவை, ஒருநாளும் வெளியே எடுக்காதவை. மயூரதனின் முகம் சுருங்கியது.

"என்னக்கா, கிண்ணமே? பனையோலைப் பிளாவிலை எண்டெல்லோ இணையத்திலை போட்டிருக்கிறம். ஓலை கொண்டந்திருக்கிறன்."

"வீடு தேடி வந்த ஆக்களுக்கு ஓலையிலையே குடுக்கிறது, தம்பி?"

அவனுக்கு விளங்கவில்லை. சின்ன வயதில் வசந்தினி தாயோடு வெங்காயம் கிண்டப் போன வளவுகளில் வீட்டுக்காரருக்குக் கிண்ணம், கூலிக்கு வந்த இவர்களுக்கு ஓலை. அதையே விருந்தாளியின் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓலையை வாங்கி, கூழ் ஏந்தும் பிளாக்களாக மடித்துக் கட்டினாள். அதற்கு மட்டும் விரல் வளைந்தது.

பிறகு கூழை வார்த்தாள். நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் ஒடியல் என்ற பனங்கிழங்கு மாவில் குழைந்து, புளியும் உறைப்புமாக ஆவி பறந்தது. நெதர்லாந்துப் பெண்ணுக்குக் கண்ணாலும் மூக்காலும் வடிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பிளாவை நீட்டினாள்.

"உப்பிடியொரு கூழ் நான் என்ரை சீவியத்திலை குடிக்கேல்லை," என்றார் உதயகலா. "வடிவா எழுதிவிடுறன், யோசியாதையும்."

வசந்தினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

உதயகலா வெறும் பிளாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கடை வளவுக்கு வேலைக்கு வாற ஆக்களுக்கு அம்மா இதிலைதான் ஊத்துவா. எனக்கும் தாங்கோ எண்டு நிண்டு அழுவன். உனக்கேன் உது எண்டு அடிதான் விழும். இண்டைக்குத்தான் அந்த ஆசை தீந்தது." அவர் கண் கலங்கியிருந்தது. அதில் கள்ளம் எதுவும் இல்லை.

"ஒரு படம் எடுப்பமே? நான் அம்மா மாதிரி ஊத்துறன். நீர் பிடியும், வசந்தினி. அதிலை குந்தியிரும்."

வசந்தினி அசையவில்லை.

"இருங்கோ அக்கா," என்றான் மயூரதன், போனைத் தூக்கிக்கொண்டு. "இந்தப் படத்தையே முகப்பிலை போடலாம்."

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். தன் முற்றத்து மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் பிளாவை ஏந்தினாள். உதயகலா அகப்பையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். "அம்மா அகப்பை பிளாவிலை முட்டாமல் உயரத்திலை இருந்துதான் ஊத்துவா."

கூழ் கொதிக்கக் கொதிக்க இறங்கியது. ஊற்றும்போது ஊற்றுகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தாய் பழக்கியிருந்தாள். வசந்தினியின் தலை தானாகக் குனிந்தது.

"முகம் தெரியேல்லை," என்றான் மயூரதன். "கொஞ்சம் நிமிந்து சிரியுங்கோ, அக்கா."